மடிக்கணினிக்குள் ஒரு தனியறை

பண்ருட்டி என்றதும் வெளியூரார் முதலில் கேட்பது, "பலாப்பழம் எப்போது வரும்?" என்பதுதான். பழத்தை வெட்டிப் பழகிய நம் ஊர்ப் பெண்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். வெளியே பார்த்தால் முள்தோல் போர்த்திய ஒரே பழம். பிளந்து பார்த்தால் சக்கைக்கு நடுவே ஒவ்வொரு சுளையும் தனித்தனி. கணினியின் ஹார்டு டிஸ்க்கும் ஏறக்குறைய அப்படிப்பட்டதே. நம் பாடநூல் இதை வன்தட்டு என்கிறது. கடைத்தெருவில் யாரும் அப்படிக் கேட்பதில்லை என்பதால் நாங்களும் ஹார்டு டிஸ்க் என்றே எழுதுகிறோம்.

நாங்கள் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பிரிவு மாணவியர். ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது விண்வெளி, ரோபோ, செயற்கை நுண்ணறிவு என்று பெரிய தலைப்புகளாகவே எங்களுக்குத் தோன்றின. எங்களுள் ஒருத்தி மட்டும், "எங்கள் சித்தியின் கணினிக்கு நேர்ந்ததை எழுதுவோம்" என்றாள். கேட்டு முடித்தபின் வேறு தலைப்பைத் தேட எங்களுக்கு மனம் வரவில்லை.

அறிஞர் அண்ணா பிறந்த நாளான 2011 செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூரை அடுத்த காக்களூரில், அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் டூ படிப்போருக்கும், அத்தகைய கல்லூரிகளில் பயில்வோருக்கும் கணினிகள் கிடைத்தன. அவற்றை எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. எங்கள் தோழியின் சித்திக்கு 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிடைத்தது. தானே புயல் 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்து, நம் பகுதியின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துச் சில வாரங்களே ஆகியிருந்த நேரம் அது. வீட்டில் பாதிக் கூரை இல்லை, தோப்பு இல்லை, ஆனால் புத்தம்புதிய கணினி ஒன்று வந்து சேர்ந்தது. அதில் சித்தி முதலில் சேர்த்து வைத்தவை, சாய்ந்த மரங்களுக்கிடையே அவருடைய தாயார் நின்றுகொண்டிருந்த படங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் கைப்பேசியில் எடுத்துக் கொடுத்தவை.

அந்த முதல் கட்டக் கணினிகளில் ஒரு சிறப்பு இருந்தது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்ற இயக்க அமைப்போடு, பாஸ் லினக்ஸ் என்ற இந்திய இயக்க அமைப்பும் அவற்றில் இருந்தது. பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கமே பாஸ். சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கியது. கணினியை முடுக்கினால், "எதில் நுழைய வேண்டும்?" என்று ஒரு பட்டியல் வரும். ஒரே ஹார்டு டிஸ்க்கில் இரண்டு குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்நாளில் பென் டிரைவ் வழியே வைரஸ்கள் வேகமாகப் பரவிக்கொண்டிருந்தன. கோப்புகளையெல்லாம் மறைத்துவிட்டு வெறும் ஷார்ட்கட்டுகளைக் காட்டும் வைரஸ் ஒன்றை நம் அக்காமார்கள் இன்றும் மறக்கவில்லை. ஆகவே கல்லூரிக்குச் சென்றபின் சித்தி தம் புராஜெக்ட் கட்டுரையையும் படங்களையும் வைரஸ் தொல்லை குறைந்த லினக்ஸ் பக்கத்திலேயே வைத்திருந்தார். அதில் தவறு ஒன்றும் இல்லை.

ஒரு நாள் ஊரிலிருந்து வந்த மாமன் மகன் விண்டோஸுக்குள் நுழைந்து பார்த்தார். சி டிரைவ் நிரம்பிச் சிவந்திருந்தது. டிஸ்க்கின் வரைபடத்தைத் திறந்தால், எழுத்தும் பெயரும் இல்லாத ஒரு கட்டம் தெரிந்தது. "இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே!" என்று அதை அழித்துவிட்டார். உதவி செய்யும் எண்ணம்தான். மறுநாள் காலை கணினியைத் திறந்தால் கறுப்புத் திரை; அதில் 'கிரப் ரெஸ்க்யூ' என்ற இரண்டே சொற்கள். பதறிப்போய்க் கடைக்குத் தூக்கிச் சென்றார்கள். கடைக்காரர், "ஃபார்மட் அடிச்சு ஓ.எஸ். போட்டாத்தான் வரும். டேட்டா போயிடும், பரவாயில்லையா?" என்றார். கணினி உயிரோடு வந்தால் போதும் என்ற நினைப்பில் சித்தியின் தந்தையார் தலையாட்டிவிட்டார். மாலையில் கணினி வந்தது; படங்கள் வரவில்லை. படத்தில் இருந்த பாட்டியும் அடுத்த ஆண்டு காலமாகிவிட்டார்.

எங்கே பிழை நடந்தது? இதை விளங்கிக்கொள்ள, ஹார்டு டிஸ்க் எவ்வாறு கூறு போடப்படுகிறது என்பதைச் சிறிது பார்க்க வேண்டும்.

நம் கணினியில் முதல் டிரைவுக்கு ஏன் சி என்று பெயர்? ஏ எங்கே, பி எங்கே? ஐ.பி.எம். நிறுவனம் 1981இல் வெளியிட்ட கணினியில் ஃபிளாப்பி என்ற மெல்லிய தட்டுகளைச் செருகும் வாய்கள்தாம் இருந்தன. அவற்றுக்கு ஏ, பி என்று பெயர். 1983இல் எக்ஸ்.டி. என்ற மாதிரியில் ஹார்டு டிஸ்க் வந்து சேர்ந்தபோது அடுத்த எழுத்தான சி அதற்குக் கிடைத்தது. ஃபிளாப்பி மறைந்து போயிற்று. எழுத்து மட்டும் மாறவில்லை. அந்த 1983ஆம் ஆண்டு டிஸ்க்கின் கொள்ளளவு 10 எம்.பி. இன்றைய கைப்பேசியில் எடுக்கும் மூன்று நான்கு படங்களுக்கே அது போதாது!

டிஸ்க்கைப் பங்கு பிரிக்கும் முறையும் அவ்வாண்டில்தான் அக்கணினிகளுக்கு வந்தது. டிஸ்க்கின் முதல் ஏடு 512 பைட் கொண்டது. அதில் 64 பைட் மட்டும் ஒதுக்கி, "இன்ன இடத்தில் தொடங்கி இவ்வளவு தூரம் வரை ஒரு பகுதி" என்று எழுதி வைப்பார்கள். நான்கு வரிகளுக்குத்தான் அதில் இடம். இப்போதைய கணினிகளில் ஜி.பி.டி. என்ற புதிய பட்டியல் இருக்கிறது. விண்டோஸில் 128 பகுதிகள் வரை எழுதலாம். பத்திர அலுவலகத்தில் நிலத்தின் எல்லை எழுதியிருப்பதுபோல் என்று சொன்னால் பெற்றோருக்கு எளிதில் விளங்கும். நிலத்தில் வேலி இல்லை, பத்திரத்தில்தான் எல்லை. இப்படி எல்லை வகுக்கப்பட்ட ஒவ்வொரு பகுதியையும் பார்ட்டிஷன் என்கிறோம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு இயக்க அமைப்பும் தன் பகுதிக்குள் தனக்கே உரிய முறையில் கணக்கு எழுதுகிறது. விண்டோஸின் முறைக்கு என்.டி.எஃப்.எஸ். என்று பெயர், லினக்ஸ் பெரும்பாலும் ஈ.எக்ஸ்.டி.4 என்ற முறையில் எழுதும். விண்டோஸின் எழுத்தை லினக்ஸ் படித்துவிடும். லினக்ஸின் எழுத்தை விண்டோஸ் தானாகப் படிப்பதில்லை. ஆகையால்தான் சித்தியின் படங்கள் இருந்த பகுதி விண்டோஸின் கண்ணுக்குப் பெயரற்ற கட்டமாகத் தெரிந்தது. அது காலி மனை அல்ல. மொழி தெரியாத வீடு.

அதை அழித்ததும் கணினி ஏன் படுத்துக்கொண்டது? "விண்டோஸா, லினக்ஸா?" என்று கேட்கும் சிறு நிரலுக்கு கிரப் என்று பெயர். அதன் தலை டிஸ்க்கின் முதல் ஏட்டில் இருந்தது. உடல் லினக்ஸ் பகுதியில் இருந்தது. உடல் போனதும் தலை மட்டும் கறுப்புத் திரையில் நின்று உதவி கேட்டது. இதில் நெஞ்சு பொறுக்காத செய்தி ஒன்று உண்டு. விண்டோஸுக்கு அன்று ஒரு கேடும் நேரவில்லை. விண்டோஸ் சி.டி.யிலிருந்து முதல் ஏட்டை மட்டும் திருத்தி எழுதியிருந்தால் அது எழுந்திருக்கும். ஒரு பார்ட்டிஷனை அழிக்கும்போதும் பெரும்பாலும் பட்டியலில் உள்ள வரிதான் அழிகிறது. கோப்புகள் அப்படியே கிடக்கும். பத்திரம் கிழிந்தால் நிலம் மறைந்துவிடுமா? டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் இவ்வாறு தொலைந்த எல்லைகளைத் தேடி எடுத்துத் தரக்கூடியது. ஆனால் அழிந்த இடத்தின்மேல் புதிதாக எழுதிவிட்டால் மீட்பு இல்லை. கடையில் புதிய விண்டோஸை அதன்மேல்தான் எழுதினார்கள். இப்போது வரும் எஸ்.எஸ்.டி. என்ற சுழலாத டிஸ்க்குகளிலோ, ஃபார்மட் செய்த சிறிது நேரத்திலேயே பழைய எழுத்துகள் துடைக்கப்பட்டுவிடும். ஆகவே அழிந்துவிட்டது என்று தெரிந்தால், மேற்கொண்டு எதையும் செய்யாமல் கணினியை அணைத்து வைப்பதே முதல் உதவி.

சரி, சித்தியின் கணினியில் இருந்ததெல்லாம் விண்டோஸ் ஒன்றுதான், எல்லாம் சி டிரைவிலேயே இருந்தன என்று வைத்துக்கொள்வோம். அப்போது தப்பியிருக்குமா? தப்பியிருக்காது. தோழியரே, உங்கள் வீட்டுக் கணினியை இப்போது நினைத்துப் பாருங்கள். சொந்தக் கோப்புகள் எங்கே இருக்கின்றன? பெரும்பாலோர் டெஸ்க்டாப்பில் என்பீர்கள். திரையில் பரப்பி வைத்தால் கண்ணுக்கு எதிரே இருக்கிறது என்று ஒரு நம்பிக்கை. பாட்டுத் தாள்கள், கால அட்டவணைகள், விழா அழைப்பிதழ்கள் எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில் அடுக்கி, பின்னால் உள்ள படமே தெரியாமல் செய்திருக்கும் அருட்சகோதரியர் சிலரையும் நாங்கள் அறிவோம், பெயர் சொல்லமாட்டோம். டெஸ்க்டாப் என்பது தனி இடமன்று. அது சி டிரைவுக்குள், யூசர்ஸ் என்ற போல்டருக்குள், உங்கள் பெயருள்ள போல்டருக்குள் இருக்கும் இன்னொரு போல்டர். டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாமே அங்கேதான். விண்டோஸ் கெட்டு, சி டிரைவை ஃபார்மட் செய்தால் எல்லாம் ஒரே வாரில் போய்விடும்.

கிறிஸ்துமஸுக்கோ பொங்கலுக்கோ வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது என்ன செய்கிறோம்? முன்கூடத்துச் சாமான்களை உள்ளறைக்குக் கொண்டுபோகிறோம். உள்ளறையே இல்லாத வீட்டில் தெருவுக்குத்தான் கொண்டுவர வேண்டும். மழை வந்தால் நனையும். கணினிக்கு அந்த உள்ளறைதான் டி டிரைவ். சி டிரைவில் விண்டோஸும் மென்பொருள்களும் மட்டும். நம் பாடம், படம், கணக்கு எல்லாம் டி டிரைவில். பிறகு விண்டோஸை எத்தனை முறை வேண்டுமானாலும் அழித்துப் போடலாம். விண்டோஸில் உள்ள ரீசெட் வசதியைப் பயன்படுத்தும்போதுகூட, விண்டோஸ் உள்ள டிரைவை மட்டும் துடைப்பதா, எல்லா டிரைவுகளையும் துடைப்பதா என்பதைத் தேர்ந்தெடுக்க முடியும். தனியறை வைத்திருப்பவருக்கே அந்தத் தேர்வினால் பயன்.

எவ்வளவு இடம் விடுவது என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். முதலில் ஒரு ஐயத்தைத் தீர்த்துவிடுவோம். 320 ஜி.பி. என்று அட்டையில் அச்சிட்ட டிஸ்க், கணினியில் 298 ஜி.பி. என்று காட்டும். 256 என்றால் 238 காட்டும். யாரும் திருடவில்லை. செய்பவர்கள் 100 கோடி பைட்டை ஒரு ஜி.பி. என்கிறார்கள், விண்டோஸ் 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சத்தை ஒரு ஜி.பி. என்கிறது. மரக்காலின் அளவு வேறு, நெல் அதேதான்.

விண்டோஸ் 11க்குக் குறைந்தது 64 ஜி.பி. தேவை என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அது நுழைவதற்கான அளவு, வாழ்வதற்கான அளவன்று. மாதந்தோறும் வரும் புதுப்பிப்புகளுக்கும், தற்காலிகக் கோப்புகளுக்கும், வாட்ஸாப் போன்றவை சேர்த்துவைக்கும் குப்பைக்கும் இடம் வேண்டும். 256 ஜி.பி. டிஸ்க் என்றால் சி டிரைவுக்கு 130 ஜி.பி.க்குக் குறையாமல் விட்டு, ஏறத்தாழ 100 ஜி.பி.யை டி டிரைவாக்கலாம். 512 என்றால் சி டிரைவுக்கு 200 விட்டுவிட்டு மற்றதைத் தாராளமாக டி ஆக்கலாம். 128 ஜி.பி. மட்டுமே உள்ள சிறு கணினியைப் பிரிக்காமல் இருப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. இரண்டு அறையும் நெருக்கடியாகிவிடும். அவர்கள் எல்லாக் கோப்புகளையும் ஒரே போல்டரில் சேர்த்து வைத்துக்கொண்டு, அந்த ஒரு போல்டரை வெளியே நகல் எடுத்தால் போதும். சி டிரைவுக்கு 60 விட்டு, டி டிரைவுக்கு அள்ளிக் கொடுத்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆறு மாதத்தில் சி சிவந்து, புதுப்பிப்பு நின்றுபோய், டி காற்றாடிக் கிடக்கும். பிறகு நீட்டலாமே என்றால், சி டிரைவுக்கு வலப்பக்கத்தில் ஒட்டினாற்போல் காலியிடம் இருந்தால்தான் விண்டோஸ் அதை நீட்டும். அங்கே டி உட்கார்ந்திருக்கிறதே! டி டிரைவைக் காலி செய்து அழித்த பிறகுதான் நீட்ட முடியும்.

இனிச் செய்முறை. எதற்கும் முன்னால் முக்கியமான கோப்புகளை ஒரு பென் டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்க்கிலோ நகல் எடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மடிக்கணினிக்குச் சார்ஜர் செருகியிருக்கட்டும். நம் ஊரில் கரண்டு எப்போது போகும் என்று சொல்ல முடியாது; பேட்டரியும் நிறைந்திருப்பது நலம். ஸ்டார்ட் பொத்தானின்மேல் வலச்சொடுக்கு செய்தால் வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்பதைத் திறக்க வேண்டும். டிஸ்க் ஒரு நீண்ட பட்டையாகவும், ஒவ்வொரு பார்ட்டிஷனும் ஒரு கட்டமாகவும் தெரியும். சி கட்டத்தின்மேல் வலச்சொடுக்கு செய்து ஷ்ரிங்க் வால்யூம் என்பதைத் தேர்ந்தெடுத்தால், எவ்வளவு குறைக்க வேண்டும் என்று எம்.பி. கணக்கில் கேட்கும். 100 ஜி.பி. என்றால் 1,02,400 என்று எழுத வேண்டும். நீங்கள் கேட்டதைவிடக் குறைவாகத்தான் தருவேன் என்று அது சொன்னால் வியக்க வேண்டாம். இடம் மாற்ற முடியாத சில கோப்புகள் நடுவில் குந்தியிருக்கும். அவற்றைத் தாண்டி அதனால் சுருங்க முடியாது.

குறைத்த இடம் கறுப்புத் தலைப்பட்டையோடு தெரியும். அதன்மேல் வலச்சொடுக்கு செய்து நியூ சிம்பிள் வால்யூம் கொடுத்து, கேள்விகளுக்கு நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று சென்றால் போதும். எழுத்து டி, முறை என்.டி.எஃப்.எஸ். சி.டி. செருகும் வாய் உள்ள பழைய கணினிகளில் டி என்ற எழுத்தை அது எடுத்துக்கொண்டிருக்கும். அப்போது ஈ கிடைக்கும், குறையொன்றுமில்லை. பெயர் கேட்கும் இடத்தில் நியூ வால்யூம் என்று விட்டுவிடாமல், உங்கள் குடும்பப் பெயரையோ 'நம் கோப்புகள்' என்றோ எழுதுங்கள். பிற்காலத்தில் கடைக்காரரோ மாமன் மகனோ வரைபடத்தைப் பார்க்கும்போது, இது காலி மனை அன்று என்று அந்தப் பெயர்தான் சொல்லும்.

அதே வரைபடத்தில் சி டிரைவின் அருகே சில சிறிய கட்டங்களும் தெரியும். ஈ.எஃப்.ஐ. என்று எழுதியிருப்பது கணினி விழித்தெழுவதற்கானது. ரெக்கவரி என்று எழுதியிருப்பது விண்டோஸ் நோயுற்றால் சிகிச்சைக்கானது. எழுத்தில்லாத கட்டங்கள் எவையானாலும் அவற்றைத் தொடவே கூடாது. சித்தி வீட்டில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

அறை கட்டியாயிற்று, சாமான் தானாக நடந்து போய்விடுமா? டி டிரைவில் டாக்குமெண்ட்ஸ் என்று ஒரு போல்டரை உண்டாக்கிக்கொண்டு, பழைய டாக்குமெண்ட்ஸ் போல்டரின்மேல் வலச்சொடுக்கு செய்து, பிராப்பர்ட்டீஸ், பிறகு லொக்கேஷன், பிறகு மூவ் என்று சென்று புதிய போல்டரைக் காட்டினால், கோப்புகள் இடம் மாறிவிடும். அதன்பின் நீங்கள் வழக்கம்போல் டாக்குமெண்ட்ஸில் சேமித்தாலும் அது டி டிரைவுக்கே போகும். பிக்சர்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸுக்கும் இப்படியே. ஒன்று மட்டும் எச்சரிக்கை. போல்டர் உண்டாக்காமல் டி டிரைவையே நேராகக் காட்டிவிட்டால், டி டிரைவ் முழுவதும் டாக்குமெண்ட்ஸ் ஆகிவிடும், பிரித்தெடுப்பது பெரும்பாடு. எங்களுள் ஒருத்தி இதைச் செய்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்தாள். ஒன் டிரைவ் என்ற மைக்ரோசாஃப்ட் சேவை இந்தப் போல்டர்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருந்தால், அதன் செட்டிங்ஸில் முதலில் அதை நிறுத்திவிட்டுத்தான் இடம் மாற்ற வேண்டும்.

மென்பொருள்களை டி டிரைவில் நிறுவலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நிறுவலாம், ஆனால் பயன் குறைவு. அவற்றின் பதிவுக் குறிப்புகள் சி டிரைவில்தான் இருக்கின்றன. விண்டோஸை மாற்றினால் மென்பொருளை மறுபடியும் நிறுவத்தான் வேண்டும். அதைவிட, நிறுவுவதற்கான மூலக் கோப்புகளை டி டிரைவில் ஒரு போல்டரில் சேர்த்து வைப்பது நல்லது. தமிழ் எழுத்துருக்கள் இதில் முதன்மையானவை. நம்மில் பலர் வீட்டில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் இன்னும் இருக்கின்றன. ஃபார்மட் செய்தபின் அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கலந்து ஏதோ மந்திரம்போல் தெரியும். "கோப்பு கெட்டுவிட்டது" என்று அதை அழித்தவர்களும் உண்டு. கோப்பு கெடவில்லை, சி டிரைவில் இருந்த எழுத்துரு போய்விட்டது, அவ்வளவுதான். எழுத்துருவை மீண்டும் நிறுவினால் தமிழ் திரும்பி வரும். யூனிகோடில் தட்டச்சு செய்தால் இந்தத் தொல்லையே இல்லை.

பழைய அரசு மடிக்கணினி பரணில் கிடக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 7க்கு வந்த ஆதரவு 2020 ஜனவரி 14இலும், விண்டோஸ் 10க்கு வந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14இலும் முடிந்துவிட்டன. அவற்றில் எளிய லினக்ஸ் ஒன்றை நிறுவிப் பிள்ளைகள் தட்டச்சுப் பழகலாம். லினக்ஸில் டி டிரைவ் என்ற பேச்சில்லை. ஹோம் என்ற பகுதியை நிறுவும்போதே தனிப் பார்ட்டிஷனாக வைத்துவிட்டால் அதே காரியம் நடக்கும்.

இவ்வளவு எழுதியபின், இதற்கு நேர்மாறான ஒன்றையும் நாங்கள் சொல்லியாக வேண்டும். டி டிரைவில் வைத்துவிட்டோம், இனி அச்சமில்லை என்று இருந்துவிடக் கூடாது. சுளைகள் தனித்தனியே ஆனாலும் பழம் ஒன்று. பழம் மரத்திலிருந்து தவறி விழுந்தால் சுளை பார்த்தா நசுங்குகிறது? சியும் டியும் ஒரே ஹார்டு டிஸ்க்கின் இரு பகுதிகள். கணினி கைதவறி விழுந்தாலும், திருட்டுப் போனாலும், தண்ணீரில் மூழ்கினாலும் இரண்டும் சேர்ந்தே போகும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வானாக்ரை போன்ற பணம் பறிக்கும் வைரஸ்களும் எழுத்துப் பார்ப்பதில்லை. எட்டிய டிரைவையெல்லாம் பூட்டிவிடும், அப்போது செருகியிருக்கும் பென் டிரைவ் உட்பட. விண்டோஸ் கெடுவதிலிருந்து மட்டுமே தனியறை காப்பாற்றும். பிரித்து வைப்பது வேறு, நகல் எடுப்பது வேறு.

தண்ணீரைப் பற்றி நம் வட்டாரத்தாருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2015 நவம்பர் மழையில் நம் பண்ருட்டி வட்டத்து விசூரிலும் பெரியகாட்டுப்பாளையத்திலும் ஓடைவெள்ளம் வீடுகளுக்குள் புகுந்து உயிர்களையே கொண்டுபோயிற்று. அந்த மழைக்காலம் முடிந்ததும், சான்றிதழ்களை இழந்தவர்களுக்கு நகல் வழங்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலையடுத்துத் தென்பெண்ணை பெருக்கெடுத்தபோதும் கடலூர்ப் பக்கத்தில் எத்தனையோ வீடுகள் மூழ்கின. மதிப்பெண் பட்டியலுக்கு மாற்று நகல் வாங்கலாம். பாட்டியின் படத்துக்கு எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது?

ஆகவே நகல் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்களில், ஒன்றாவது வேறிடத்தில் என்று கணினித் துறையார் கணக்குச் சொல்வார்கள். நமக்கு ஏற்றபடி சொன்னால், ஒன்று டி டிரைவில். ஒன்று பீரோவில் உள்ள வெளி ஹார்டு டிஸ்க்கில், நகல் எடுத்ததும் கழற்றிவிட வேண்டும். ஒன்று வேறூரில் உள்ள உறவினர் வீட்டிலோ இணையத்திலோ. கூகுள் கணக்கில் 15 ஜி.பி. வரை கட்டணமின்றி வைக்கலாம். மின்னஞ்சலும் அதில்தான் அடங்கும். சான்றிதழ்களுக்கு மத்திய அரசின் டிஜிலாக்கர் இருக்கிறது. பென் டிரைவில் ஆண்டுக்கணக்கில் தொடாமல் வைத்திருப்பதை நம்ப வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செருகி, திறந்து பாருங்கள். காலாண்டு விடுமுறையும் முழுஆண்டு விடுமுறையும் அதற்குத் தோதானவை.

பெற்றோருக்கு இன்னும் இரண்டு செய்திகள். கணினியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது, "டி டிரைவைத் தொடாதீர்கள், சி டிரைவில் மட்டும் விண்டோஸ் போடுங்கள்" என்று ஒரு தாளில் எழுதிக் கணினியோடு சேர்த்துக் கொடுங்கள். ஃபார்மட் என்று சொன்னால், "எந்த டிரைவை?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். நல்ல கடைக்காரர் அதை விரும்பவே செய்வார். இரண்டாவது, புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் டிஸ்க் முழுவதும் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பிட்லாக்கர் என்று அதற்குப் பெயர். கணினி திருட்டுப் போனால் கள்வன் படிக்க முடியாது என்பது நன்மை. ஆனால் பழுதின்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லாவிட்டால் சொந்தக்காரரும் கள்வனும் ஒன்றே. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கும். எடுத்து, ரேஷன் கார்டு வைத்திருக்கும் உறையில் எழுதி வையுங்கள். 2025 மார்ச் வரவு செலவுத் திட்டத்தில், அடுத்த இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ டேப்லட்டோ வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. அடுத்த ஆண்டு கல்லூரிக்குச் செல்லும் எங்களுக்கும் ஒன்று கிடைத்தால், முதல் மாலையிலேயே செய்ய வேண்டிய வேலைகளாக இவற்றைக் குறித்து வைத்திருக்கிறோம்.

சித்தியின் படங்களில் ஒன்றே ஒன்று தப்பியது. 2012இல் விருத்தாசலத்திலிருந்து வந்த பெரியம்மா, "அம்மா படத்தை எனக்கும் கொடு" என்று கேட்டு, தம் மகனின் பென் டிரைவில் ஒரு படத்தை மட்டும் வாங்கிச் சென்றிருந்தார். சாய்ந்த முந்திரி மரத்தின்மேல் ஒரு கையை ஊன்றி, வெயிலுக்கு மறு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு பாட்டி நிற்கிறார். இந்தக் கட்டுரைக்காக எங்கள் தோழி அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி, மூன்று இடங்களில் வைத்திருக்கிறாள்.